நடுச்சுவரில் இரண்டு ஸ்பீக்கர்

மஸ்கட்,
18-8-1991

அன்பு சரோ,

நானும் என் காதும் சுகம். நீயும் தென்றலும் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

தம்பி புருஷோத்தமன் லெட்டர் போட்டிருந்தான். போன லீவில் நான் கொண்டு வந்த டிவியையும் டெக்கையும் வைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் வீட்டு நடு அறையில் ஊருக்கே படம் போடப் போகிறானாம். டிவி சத்தம் பத்தவில்லை, பின்னால் உட்கார்ந்தவனுக்கு வசனமே கேட்கவில்லை, நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி அனுப்பு அண்ணா என்கிறான்.

அவனுக்குப் படப் பைத்தியம். உனக்குப் பாட்டுப் பைத்தியம். இரண்டு பைத்தியத்துக்கும் ஒரே ஜோடியில் வைத்தியம் பார்க்க வேண்டும், அதுதான் சிக்கல். படத்துக்கு வாங்கினால் அடி விழுகிற இடத்தில் நெஞ்சு அதிரும். அதிலேயே பாட்டைப் போட்டால் பாடுகிறவருக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். பாட்டுக்கு வாங்கினால் வீணைக் கம்பி நடுங்குவதுகூடக் கேட்கும், ஆனால் சண்டை வந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான். இங்கே ரூவி கடைத்தெருவில் ஒரு கடை இருக்கிறது. வெள்ளிக்கிழமை லீவு நாளில் உன் பாட்டு கேசட்டை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றிலும் போட்டுக் கேட்கிறேன். கடைக்காரன் முதலில் டீ கொடுத்தான். இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

நடு அறை நீளம் அகலம் அளந்து உடனே எழுது. பின் அறையையும் சேர்த்து. பொங்கலுக்கு நான் வரும்போது வீட்டுக்குள்ளேயே தியேட்டர் இருக்க வேண்டும்.

உன்
நடேசன்


வடக்குப்பட்டு,
3-9-1991

என்னங்க,

கடிதம் வந்தது. அறையின் நீளம் அகலம் கேட்டிருந்தீர்கள். நடு அறை பதினாறுக்குப் பன்னிரண்டு அடி. பின் அறை பன்னிரண்டுக்கு ஒன்பது. பெண்டாட்டி இளைத்தாளா பெருத்தாளா என்று கேட்கவில்லை, அதனால் அந்த அளவை எழுதவில்லை.

என்னைக் கேட்டால் பாட்டுக்குத் தகுந்ததையே வாங்குங்கள். படத்தில் அடிக்கிறவன் எப்படி அடித்தால் என்ன, கடைசியில் அவன்தான் ஜெயிக்கப் போகிறான். பாட்டுதான் திரும்பத் திரும்பக் கேட்பது.

ஆனால் ஊரைக் கூட்டிப் படம் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்கு அப்புறம், கூட்டம் என்று சொன்னாலே எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் தம்பியிடம் சொன்னேன். "இன்னா அண்ணி, நம்ம வூட்ல நம்ம ஜனம் குந்தினு படம் பாக்கப் போவுது, அதுக்கு ஏன் பயந்துக்கிற" என்கிறார். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

இன்னொன்று. நானும் தென்றலும் பின் அறையில் படுக்கிறோம் இல்லையா, அந்தப் பக்கம் நடுச்சுவரின் மூலையில் மெல்லியதாக ஒரு விரிசல் விட்டிருக்கிறது. கல்குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் அலமாரியில் இருக்கிற டம்ளர் பேசுகிறது. அதனால் இருக்கும் என்கிறார் உங்கள் தம்பி. வரும்போது நீங்களே பாருங்கள்.

தென்றல் ஒன்றாம் வகுப்பு போகிறாள். அப்பா எப்போது வருவார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். ஸ்பீக்கர் எப்போது வரும் என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
சரோஜா


மஸ்கட்,
20-9-1991

அன்பு சரோ,

ஸ்பீக்கர் வாங்கிவிட்டேன். கேள், இது பெரிய கதை.

கடையில் எர்ணாகுளத்துக்காரர் ஒருத்தர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். என் தொல்லை தாங்காமல் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். ஸ்பீக்கரில் பாதி வேலை பெட்டிதானாம். சின்னப் பெட்டியில் அடைத்தால் அது மூச்சுத் திணறும், அதனால்தான் ஒன்று இடிக்கிறது, இல்லையென்றால் கீச்சிடுகிறது. பெட்டியே வேண்டாம், ஸ்பீக்கரைச் சுவரில் பதித்துவிடு, பின்னால் இருக்கிற அறை முழுவதும் பெட்டியாகிவிடும் என்றார். ஒரு அறையே பெட்டி என்றால் யோசித்துப் பார். இடி இடியாக விழும், பாட்டு பாட்டாக இருக்கும். கடையில் ஒரு பலகைத் தடுப்பில் பதித்து உன் கேசட்டைப் போட்டுக் காட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சரோ. பொய் சொல்லவில்லை.

அதனால் பெட்டி இல்லாமல், அடிச் சத்தத்துக்குப் பன்னிரண்டு அங்குல ஊஃபர் இரண்டும், மேல் சத்தத்துக்குச் சின்ன ட்வீட்டர் இரண்டும் வாங்கினேன். நம் வல்லத்துத் தாவீது அடுத்த வாரம் லீவில் வருகிறான், கையிலேயே கொண்டு வருவான். நாகப்பன் மேஸ்திரியைக் கூப்பிட்டு நடுச்சுவரில் இரண்டு வட்டம் வெட்டச் சொல். எங்கே வெட்ட வேண்டும் என்று தம்பிக்குத் தனியாக வரைந்து அனுப்பியிருக்கிறேன். நான் முதன்முதலில் இங்கே வந்த வருஷம் பழைய மண்சுவரை இடித்துவிட்டுச் செங்கல்லில் எழுப்பச் சொன்ன சுவர் அது. தம்பி கூடவே நின்று கட்டினான். யானை முட்டினாலும் அசையாது. நீ சொன்ன விரிசல் சிமெண்ட் பூச்சில் வருவது, வெயிலுக்கு எல்லா வீட்டிலும் இருக்கும்.

பின் அறைக் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும். உள்ளே மெத்தை, நெல் மூட்டை, பழைய துணி எல்லாம் இருக்கட்டும், எதிரொலி வராது. நீங்கள் அங்கேயே படுக்கலாம், உங்கள் மெத்தையும் வேலை செய்யும்.

உன்
நடேசன்


வடக்குப்பட்டு,
12-10-1991

என்னங்க,

இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

தாவீது அண்ணன் ஸ்பீக்கரைப் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி மடியில் வைத்துக் கொண்டு வந்தார். நேற்று நாகப்பன் வந்து வெட்ட ஆரம்பித்தார். உளியை வைத்து ஒரு தட்டு தட்டினதும் சிமெண்ட் தட்டையாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் இல்லை. செம்மண்ணும் வைக்கோலும்தான். உங்கள் பழைய மண்சுவர் அப்படியே இருக்கிறது. மேலே சட்டை போட்ட மாதிரி சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்.

நான் உங்கள் தம்பி முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். நாகப்பனை டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்.

"அண்ணி, அந்த வருசம் கெணத்து மோட்டாரு எரிஞ்சி பூட்ச்சி. நாத்து காஞ்சினு இருந்துச்சி. அண்ணன் செங்கல்லுக்கு அனுப்பினத மோட்டாருக்குப் போட்டுட்டேன். அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு இருந்து, அவரு லீவுல வர்ற நாளு வந்துச்சி. மண்ணு மேலயே பூசிட்டேன். அவரு தட்டிப் பாத்து, சூப்பரா கட்டிகீறடான்னு தோள்ல தட்னாரு. அதுக்கு மேல எப்டி சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. சரி, இப்போதாவது நிறுத்துங்கள், உங்கள் அண்ணனுக்கு நானே எழுதுகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். ஓட்டை போடாமல் விட்டால் ஏன் போடவில்லை என்று நீங்கள் கேட்பீர்களாம், அப்போது எல்லாம் வெளியே வந்துவிடுமாம். அதனால் போட்டே தீர வேண்டுமாம். நாகப்பன் திரும்பி வந்து, "மேல ஒரு பலக குடுத்துட்டா நிக்கும்மா, நானு இன்னா பண்றது, அவரு சொல்றாரு" என்று வெட்டி முடித்துவிட்டார். சுவரில் இரண்டு கண் தோண்டின மாதிரி இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்தால் நடு அறையின் வெளிச்சம் அந்த இரண்டு கண் வழியாக எங்கள் மேல் விழுகிறது.

ஓடு முழுவதும் அந்தச் சுவர் மேல்தான் நிற்கிறது. ஐப்பசி பிறக்கப் போகிறது. உங்கள் தம்பி யார் சொன்னாலும் கேட்க மாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார். ஒரே ஒரு வரி எழுதுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி ஓட்டையை அடை என்று எழுதுங்கள், போதும். மோட்டார் விஷயத்தைக் கேட்க வேண்டாம்.

சரோஜா


மஸ்கட்,
28-10-1991

சரோஜாவுக்கு,

உன் கடிதமும் தம்பி கடிதமும் ஒரே நாளில் வந்தன. அவன் எழுதியதைச் சொல்லட்டுமா? ஸ்பீக்கர் பதித்தாகிவிட்டது, காஞ்சிபுரம் தியேட்டர் தோற்றுவிடும் அண்ணா, நீ ஊருக்கு வந்து கேட்டால் அழுதுவிடுவாய் என்று எழுதியிருக்கிறான். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

யாரை நம்பச் சொல்கிறாய்? நான் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தவன். அம்மா போன பிறகு நான்தான் அவனை வளர்த்தேன். என்னிடம் அவன் எதை மறைத்திருக்கிறான்? பீடி குடித்ததைக்கூட அவனே வந்து சொன்னான். படம் போடுவது உனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. கூட்டம் பிடிக்கவில்லை என்றாய், பிறகு விரிசல் என்றாய், இப்போது சுவரே மண் என்கிறாய். பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் மண் கலவை இருக்கும், அதைப் பார்த்துப் பயந்திருப்பாய். அண்ணன் தம்பிக்கு நடுவில் இப்படி எழுதாதே, நன்றாக இல்லை.

உனக்காகத்தானே இத்தனை வெள்ளிக்கிழமை அந்தக் கடையில் நின்றேன்? பாட்டு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதினாயா நீ?

ட்ரெபிளைப் பாட்டுக்கு நடுவுக்குக் கொஞ்சம் மேலே வை. படத்துக்கு பாஸைக் கூட்டிக்கொள்ளலாம், பயப்பட ஒன்றும் இல்லை.

நடேசன்


வடக்குப்பட்டு,
16-11-1991

என்னங்க,

பாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள், யாரும் வருவதற்கு முன்னால், உங்கள் தம்பி எனக்காக அந்தக் கேசட்டைப் போட்டார். நீங்கள் சொன்னது நிஜம்தான். பாடுகிறவர் சுவருக்கு நடுவில் வந்து நின்ற மாதிரி இருந்தது. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

சாயந்திரம் படம். வீடு கொள்ளாத ஜனம், வாசல் வரைக்கும். சண்டை வந்தது. நான் தென்றலைத் தூங்க வைக்கப் பின் அறைக்குப் போனேன். ஒவ்வொரு அடிக்கும் ஓட்டையின் விளிம்பிலிருந்து மாவு சலிக்கிற மாதிரி மண் கொட்டுகிறது. பிள்ளையின் தலை எல்லாம் செம்மண். அவள் சிரித்துக்கொண்டு, "அம்மா, செவுரு தூங்கவே மாட்டேங்குது" என்றாள். அந்த விரிசலில் அவளுடைய பலப்பம் உள்ளே போகிறது இப்போது. விட்டுவிட்டாள், உள்ளேயே விழுந்துவிட்டது, எடுக்க முடியவில்லை.

அன்றைக்கே நானும் அவளும் சமையல் கட்டுக்குப் படுக்கையை மாற்றிவிட்டோம். உங்கள் தம்பிக்கு அது அவமானமாகப் போய்விட்டது. "நானு படுத்துக்கறேன் அங்க, விழட்டும் பாக்கலாம்" என்று தன் பாயை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போய்விட்டார். என் கையால் சாப்பிடுவதில்லை. தெருவில் இரண்டு மூன்று பெண்களிடம் சொன்னேன், பிள்ளைகளைச் சுவர் ஓரமாக உட்கார வைக்காதீர்கள் என்று. மஸ்கட் சாமான் ஊர் கண்ணில் படக்கூடாது என்று நினைக்கிறாள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

மழை விடாமல் பெய்கிறது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டதாம். சுவரின் அடியில் கை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. தாவீது அண்ணன் மஸ்கட்டுக்குக் கிளம்பும் முன் சொல்லிக்கொள்ள வந்தார், அவரைப் பின் அறைக்குக் கூட்டிப்போய் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். கையில் ஒட்டின மண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரையாவது கேளுங்கள்.

நீங்கள் எழுதினது எனக்கு ரொம்ப வலித்தது. நான் இனிமேல் சுவரைப் பற்றி எழுத மாட்டேன்.

சரோஜா


வடக்குப்பட்டு,
6-12-1991, வெள்ளி

என்னங்க,

நாகப்பன் நேற்றே ஸ்ரீபெரும்புதூர் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். உங்களுக்கு இன்றைக்கு ஆபீஸ் லீவு, நாளைக்குத்தான் கையில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். தந்தியில் செய்தி மட்டும்தான் இருக்கும். எப்படி என்று நான் எழுத வேண்டும். எனக்குக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மழை விட்டு நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சுவர் காய்ந்துவிட்டது, இனி பயமில்லை என்று நான்கூட நினைத்தேன். புதன்கிழமை உங்கள் தம்பி எங்கேயோ போய், மாட்டு வண்டியில் செங்கல் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "அண்ணி, இனிமே படம் கெடையாது. பொங்கலுக்குள்ள இத்த இடிச்சிட்டு செங்கல்லுல ஏத்திட்றேன். அண்ணன் வந்து தட்டிப் பாக்கட்டும்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்குத்தான் என் கையால் சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்பு. இன்னொரு தடவை ஊற்று என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நேற்று மத்தியானம். தென்றல் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நாகப்பன் ஆளோடு வருகிறேன் என்று சொல்லியிருந்தார், இன்னும் வரவில்லை. அதற்குள் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிடலாம், இடிக்கும்போது மண் விழுந்து வீணாகிவிடும் என்று உங்கள் தம்பி தனியாகப் பின் அறைக்குப் போயிருக்கிறார். நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பெரிதாகச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஓடு சரிகிற சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்.

சுவர் முழுசாக அவர் மேல்தான். மேலே உத்தரம். தெருவே வந்து மண்ணை வாரியது. நான் கையால் வாரினேன். எடுத்தபோது உயிர் இருந்தது. ஒரு ஸ்பீக்கரை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார், கையைப் பிரித்துத்தான் எடுத்தோம். வேனில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். என் மடியில்தான் தலை. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அண்ணா கோச்சிக்குமா என்று கேட்டார். கோச்சிக்காது, நான் பார்த்துக்கிறேன் என்றேன். சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. ரயில் போய்க் கேட் திறப்பதற்குள் போய்விட்டார்.

இன்று காலையில் எடுத்தார்கள். நீங்கள் வைக்க வேண்டிய கொள்ளியைப் பங்காளி வீட்டில் ஒருத்தர் வைத்தார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் அது ஐப்பசியிலேயே அடைபட்டிருக்கும். ஆனால் உங்களை நினைத்தால் அழுகையும் வருகிறது. நீங்கள் தனியாக அங்கே தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். தாவீது அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லீவு கொடுத்தால் வாருங்கள்.

சரோஜா


மஸ்கட்,
6-12-1991, வெள்ளி

அன்பு சரோ,

இன்று லீவு. காலையில் தாவீது என் அறைக்கு வந்தான். ஊரிலிருந்து வந்து இத்தனை நாளாக என் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டிருந்தவன், இன்று தானாக வந்து கட்டிலில் உட்கார்ந்தான். "நடேசா, உன் பெண்டாட்டி சொல்றது நெசம்டா. நானு கைய விட்டுப் பாத்தேன். முழுக்க மண்ணு" என்றான்.

நான் உன்னை நம்பியிருக்க வேண்டும். தப்பு என்மேல்தான். உன்னிடம் நேரில் வந்து கேட்க வேண்டிய மன்னிப்பு இது, லெட்டரில் எழுதினால் போதாது.

தம்பி மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் நம்புவாயா? முதலில் வந்தது, டீ குடிப்பதற்குள் போய்விட்டது. நாற்று காய்ந்துகொண்டிருக்கும்போது செங்கல்லா வாங்குவார்கள்? என்னைக் கேட்டிருந்தால் நானும் மோட்டாரைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். பைத்தியக்காரப் பயல், இத்தனை வருஷம் இதை மனதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அதை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவனுக்குத் தனியாக எழுதப் பார்த்தேன், வரவில்லை. இதையே அவனுக்குப் படித்துக் காட்டு. அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை என்று நீயும் சொல்.

படம் போடுவதை நிறுத்தச் சொல். அந்த ஸ்பீக்கரை உடனே கழற்றட்டும். நாகப்பனை நம்பிக் கொடுக்க வேண்டாம், முரட்டுக் கை, ஸ்பீக்கர் முகத்துக் காகிதம் கிழிந்துவிடும். புருஷோத்தமனே கழற்றட்டும், அவன் கை பக்குவமான கை. துணியில் சுற்றி வைக்கச் சொல். சுவரைப் பொங்கலுக்கு நான் வந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டிக்கொள்கிறோம்.

இந்தத் தடவை பதிலை நீ எழுதாதே. அவனையே எழுதச் சொல்.

உன்
நடேசன்